மாறுகண் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் குழந்தை: மரப்பு தீரும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மதுரையிலிருந்து ஊர் திரும்பும்போது, திருப்பத்தூர் தாண்டும்வரை என் தம்பி மகன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். காலையில் இரண்டு கண்ணிலும் மாறுகண் ஆபரேஷன், மத்தியானம் டிஸ்சார்ஜ். மேலூரில் வண்டியை நிறுத்தி இளநீர்கூடக் குடித்தான். பிள்ளையார்பட்டி விலக்கு வரும்போது கண்ணைக் கசக்கப் பார்த்தான். குன்றக்குடி வருவதற்குள் அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினார். வலி மருந்து பையில் இருந்தது, பை டிக்கியில் இருந்தது. "பிள்ளை நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குப் போய்க் குடுத்துக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். கண் ஆபரேஷன் முடிந்த குழந்தைகளைக் கவனிக்கும் வார்டில் பத்து வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறவள்.

பிள்ளை நன்றாக இருந்ததற்குக் காரணம் கண்ணில் போட்ட மரப்பு மருந்து. அது தீர்ந்ததும் வலி வந்தது. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யார் வீட்டில் குழந்தைக்குக் கண் ஆபரேஷன் என்றாலும் எனக்குப் போன் வரும். எல்லாருக்கும் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் மாறுகண் ஆபரேஷனை மனசில் வைத்து எழுதியது. கண்புரை, இமை ஆபரேஷன் என்றால் கண்ணைப் பார்த்துக்கொள்ளும் முறை மாறும், வலி மருந்துக் கணக்கு பெரிதாக மாறாது. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகளுக்கான கண் ஆபரேஷன் என்றால் பலரும் மதுரைக்குப் போகிறோம். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்திலிருந்தே கண் என்றால் மதுரை என்பது பழகிவிட்டது. சிலர் திருச்சி போவார்கள். எப்படிப் போனாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அன்றைக்கே வீடு திரும்பினால், மரப்பு தீரும் நேரமும் நாம் சாலையில் இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

போவதற்கு முந்தின வாரம்

முதலில் குழந்தையின் எடை. பால்வாடியில் போன வருஷம் எடுத்தது, "பதினஞ்சு பதினாறு இருக்கும்" என்பதெல்லாம் வேண்டாம். மயக்க மருந்து, மரப்பு மருந்து, வீட்டில் கொடுக்கும் சிரப் எல்லாமே கிலோ கணக்கு. குழந்தை எடை மிஷினில் நிற்காவிட்டால் நீங்கள் ஒரு தடவை ஏறுங்கள், அப்புறம் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டாக்டரிடமும் மயக்க டாக்டரிடமும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. சளி, இருமல், காய்ச்சல் சமீபத்தில் வந்ததா, ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உண்டா, பல் பிடுங்கும்போது போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, சொந்தத்தில் யாராவது ஆபரேஷன் மயக்கத்திலிருந்து எழ ரொம்ப நேரம் எடுத்தார்களா, மயக்கத்தில் உடம்பு அனலாகக் கொதித்ததா. கடைசி இரண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும், நமக்குத் தெரியாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. ஆபரேஷன் முடியும்போது கண்ணில் மரப்பு மருந்து போடுவீர்களா? போட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும்? வீட்டில் முதல் வலி மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி? மூன்றாவதற்குப் பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "வலிச்சா குடுங்க" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள்.

மருந்தை முன்னாலேயே வாங்கிவிடலாம். கூடவே 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல்.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது

குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் மாறுகண் ஆபரேஷன் செய்வார்கள். அதற்காகத்தான் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பொதுவான கணக்கு: இட்லி, பிஸ்கட், மாட்டுப்பால் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். "பச்சைப் பிள்ளை பசி தாங்காது" என்று வரண்டாவில் வைத்து ஒரு பிஸ்கட்டைத் திணிக்கும் ஆயாக்களை, அதாவது பாட்டிகளை, நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பிஸ்கட்டால் ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். தள்ளாமல் செய்துவிட்டால் அது இன்னும் ஆபத்து.

முழு மயக்கம்தான் இருக்கிறதே, மரப்பு எதற்கு என்று கேட்பார்கள். மயக்கம் ஆபரேஷன் நேரத்துக்கு. மரப்பு அதற்குப் பிறகு வரும் மணி நேரங்களுக்கு. இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று சொட்டு மருந்து, ப்ரோபராகெய்ன் போன்றவை. அரை நிமிஷத்தில் கண் மரத்துவிடும், ஆனால் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். பரிசோதனைக்கு அது போதும். இராத்திரி வலிக்கு உதவாது.

இன்னொன்று கண் உருண்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் விடும் மருந்து. அந்த உறைக்கு டெனான் உறை என்று பெயர். "கண்ணுக்குள்ள ஊசியா!" என்று பதற வேண்டாம். முனை மழுங்கிய, வளைந்த சின்னக் குழாய் வழியாகத்தான் விடுவார்கள், அதுவும் குழந்தை மயக்கத்தில் இருக்கும்போது. லிக்னோகெய்ன் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். பியூபிவாகெய்ன் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல், சில பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரம் வரைகூட. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கண் தசையை இழுக்கும்போது சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு திடீரென்று குறையும். ஆபரேஷன் முடிந்ததும் வாந்தி வரும். தசையைத் தொடுவதற்கு முன்பே மரப்பு போட்டிருந்தால் இந்த இரண்டும் குறையும்.

எல்லா டாக்டரும் இதைப் போடுவதில்லை. சிலர் சொட்டோடும் பாராசிட்டமாலோடும் நிறுத்திக்கொள்வார்கள். அது தப்பில்லை. போட்டார்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவு பற்றிய பயம் நியாயமானது. பியூபிவாகெய்னுக்குக் குழந்தைகளில் மேல் வரம்பு வழக்கமாகக் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்கு 2 என்று வைத்தாலே 32 மில்லிகிராம் ஆகிறது. 0.5 சதவீத மருந்து 2 மில்லி போட்டால் உள்ளே போவது 10 மில்லிகிராம்தான். அளவு மீறினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரும், அதனால்தான் எடையை அத்தனை தடவை கேட்கிறார்கள். எரிச்சல்படாமல் சொல்லுங்கள்.

உலகத்தில் மரப்பு மருந்து பிறந்ததே கண்ணில்தான். 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் டாக்டர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டுப் பார்த்தார், கண் மரத்தது. பல்லுக்குப் போடும் ஊசியெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. கொக்கெய்னை இன்றைக்கு யாரும் குழந்தை கண்ணில் விடுவதில்லை, பயப்பட வேண்டாம்.

கண் விழிக்கும் அரை மணி நேரம்

இதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் கத்தும், உதைக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாத மாதிரி விழிக்கும். "மரப்பு போட்டோம்னாங்க, வலியில துடிக்குதே" என்று எங்களோடு சண்டைக்கு வருவார்கள். பாதிக்கு மேல் அது வலியே இல்லை. மயக்க வாயு இறங்கும்போது வரும் குழப்பம், பொதுவாக அரை மணிக்குள் அடங்கிவிடும். மடியில் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருங்கள். நாலைந்து பேர் சுற்றி நின்று பேச வேண்டாம். ஒரு குரல் போதும்.

வெள்ளைவிழி இரத்தமாகச் சிவந்திருக்கும். முதல் நாள் கண்ணீரில் இலேசாகச் சிவப்பு கலந்து வரும். மரப்பு இருக்கும்வரை இமை தொங்கலாம், கண்பாப்பா விரிந்திருக்கலாம், எல்லாம் இரண்டாகத் தெரியலாம். பார்க்க நமக்கு வயிற்றைப் பிசையும். குழந்தையிடம் கண்ணாடியைக் காட்டாதீர்கள். இந்த இரட்டைப் பார்வை காரணமாக, வீட்டுக்கு வந்ததும் நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் பழைய வீடுகளில் நிலைப்படி முழங்கால் உயரத்துக்கு இருக்கும். எட்டுவைத்துத் தாண்டுவதற்குள் பிள்ளை விழுந்துவிடும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். நர்ஸிடம் இரண்டு நேரங்களைக் கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மரப்பு மருந்து எத்தனை மணிக்குப் போட்டார்கள்? பாராசிட்டமால் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்? தியேட்டருக்குள் அதை நரம்பு வழியாகவோ, ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவோ கொடுத்திருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் நீங்களும் சிரப் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒன்பதரைக்கு மரப்பு. பாராசிட்டமாலும் அதே நேரம். ஆறு மணி நேர இடைவெளி என்றால் அடுத்தது மூன்றரைக்கு. நாங்கள் மூன்று மணிக்கு மதுரையில் வண்டி ஏறினோம். மூன்றரைக்கு மேலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். இளநீருக்கு வண்டியை நிறுத்தியபோது சிரப்பையும் கொடுத்திருக்க வேண்டும். வாய்வழி கொடுக்கும் மருந்து வேலையைத் தொடங்க அரை மணி நேரமாவது பிடிக்கும். வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் குழந்தை துப்பும், அல்லது அழுத அழுகையில் வாந்தியெடுக்கும், மருந்தும் போகும். அதனால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும், தூங்கிக்கொண்டிருந்தாலும், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மருந்தும் சிரிஞ்சும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், கூடவே ஒரு துண்டும் வாந்திக்கு இரண்டு பாலிதீன் பையும். வசதியிருந்தால் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்புவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. லாட்ஜுக்குக் காசாகும், இராத்திரி நிம்மதி.

எத்தனை மில்லி?

பாராசிட்டமால் வழக்கமாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. 16 கிலோ என்றால் 240 மில்லிகிராம். இதை மில்லியாக மாற்றும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. கடையில் ஒரே மருந்து மூன்று விதமாகக் கிடைக்கும். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப். 5 மில்லியில் 250 உள்ளது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து, அதில் 1 மில்லியிலேயே 100. அதே 240 மில்லிகிராமுக்கு 120 சிரப்பில் 10 மில்லி, 250-ல் 4.8 மில்லி, சொட்டில் 2.4 மில்லி.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குச் சீட்டில் 250 எழுதியிருந்தது. மருந்துக் கடையில் இருப்பு இல்லை என்று 120-ஐக் கொடுத்து, "அதேதாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சீட்டில் இருந்தபடி ஐந்து மில்லிக்குக் கொஞ்சம் குறைய ஊற்றினார்கள். போனது பாதி மருந்துகூட இல்லை. இராத்திரி முழுக்க அழுகை. இது தலைகீழாக நடந்திருந்தால், சிரப்புக்கு எழுதிய 10 மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றியிருந்தால், ஈரலுக்கு ஆபத்து. பாட்டிலைக் கையில் வாங்கியதும் முன்பக்கம் இருக்கும் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். சமையல் கரண்டி, டீ ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சில் இழுத்துக் கன்னத்தின் உள்பக்கமாக விடுங்கள்.

ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் கூடவே எழுதியிருந்தால் வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு கொடுங்கள். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, விடாத வாந்தி என்றால் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஐயாவின் முழங்கால் வலிக்கு வாங்கிய நிமசுலைடு மாத்திரை இருக்கும், அதை உடைத்துக் கால்வாசி கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. 12 வயதுக்குக் கீழே அதை இந்தியாவில் 2011-லேயே தடை செய்துவிட்டார்கள்.

முதல் இராத்திரி

வலி எவ்வளவு என்று நாலு வயதுக் குழந்தையிடம் கேட்டால் "இவ்வளவு" என்று கையை விரிக்கும். அதனால் நாங்கள் ஆறு முகங்கள் வரைந்த படம் வைத்திருப்போம், சிரித்த முகத்தில் தொடங்கி அழுத முகத்தில் முடியும். மூன்று வயதுக்கு மேல் உள்ளவர்கள் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். ஆறு முகத்தைப் பற்றிக் குன்றக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டுத் தாளில் நீங்களே வரையலாம்.

பேசத் தெரியாத குழந்தை என்றால் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: முகம் சுளிக்கிறதா, காலை உதைக்கிறதா, உடம்பை முறுக்குகிறதா, அழுகிறதா, தூக்கினாலும் தேறாமல் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 2 (ரொம்ப அதிகம்) வரை மார்க். கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து போதவில்லை என்று பொருள். மாறுகண் ஆபரேஷனில் முதல் நாள் வலி அதிகம், அப்புறம் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் மண் விழுந்த மாதிரி உறுத்தல் இருக்கும், தையல் கரையும்வரை. உறுத்தல் வேறு, வலி வேறு.

மருந்து தவிர உதவுவது குளிர்ச்சியும் இருட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை, மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிஷம் அழுத்தாமல் வையுங்கள். வீட்டு முற்றமான வளவில் பகலில் கண் கூசும். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டு அறை, சுண்ணாம்புச் சுவரும் தேக்குக் கதவும், ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல வார்டு கிடையாது. ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள், தரைத் தூசி கண்ணில் போகும். சாப்பாடு முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி, இட்லி. ஆயா ஆசையாகச் சுட்ட வெள்ளைப் பணியாரம் மறுநாளைக்கு இருக்கட்டும். எண்ணெய்ப் பண்டம் வாந்தியைக் கிளப்பும்.

இனி, கண்ணில் எதை விடக் கூடாது என்பது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர். சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். "ஆச்சி, தையல் பிரிஞ்சதும் போடலாம்" என்று நான் நழுவிவிடுவேன், பிறகும் போட மாட்டேன். எண்ணெய்க் குளியல், ஊரணிக் குளியல் இரண்டும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிடையாது.

இதே பட்டியலில் மரப்புச் சொட்டையும் சேருங்கள். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். "அந்தச் சொட்டு விட்டா உடனே அழுகை நிக்குதே, ஒரு பாட்டில் வாங்கிக் குடுங்க" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது, புண்ணாகும், பார்வையே போகலாம். மரத்த கண்ணைக் குழந்தை கசக்கினால் அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் எங்கள் கண்முன்னால் ஒன்றிரண்டு சொட்டு என்பது வேறு, வீட்டில் பாட்டில் என்பது வேறு.

டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை விடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். இமையைப் பிரித்துச் சண்டை போட வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில் சொட்டை வையுங்கள். குளம் கட்டின மாதிரி நிற்கும். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னால் தானாக உள்ளே போய்விடும்.

எப்போது உடனே திரும்பிப் போக வேண்டும்

இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், இமை வீங்கி மூடிக்கொண்டால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், பார்வை மங்குகிறது என்று குழந்தை சொன்னால், வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் தவித்தால், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத அளவு தூங்கினால். இதில் ஒன்று இருந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் பண்ணுங்கள், மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். எழுப்ப முடியவில்லை என்றால் 108.

மறு பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் கண்ணைப் பார்க்க அந்த மரப்புச் சொட்டையே விடலாம். முதல் சில நொடி எரியும். "எரியாது" என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த தடவை உங்களை நம்பாது. "எரியும், பத்து எண்ணு, போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடவே எண்ணுங்கள். என் தம்பி மகன் ஏழிலேயே நிறுத்திவிட்டு, "அத்தை, போயிருச்சு" என்றான். அதன் பிறகு அரை மணி நேரம் கண்ணைக் கசக்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.